வாசிப்புக் குறைபாடுள்ள சிறாரும் பள்ளிகளில் அரசின் உதவியும்

தொடக்கக் கல்வியின் முதற்பயன் எழுத்தறிவே. முதல் மூன்று ஆண்டுகளில் எழுத்தைக் கைவசப்படுத்திக்கொண்ட குழந்தைக்கே நான்காம் வகுப்பிலிருந்து வரலாறும் அறிவியலும் பயன் தருகின்றன. எழுத்து வசப்படாத குழந்தைக்குப் பாடநூல்கள் அனைத்தும் மூடிய கதவுகளாகவே நிற்கின்றன.

நம் நாட்டின் வகுப்பறைகளில் ஒருவகைக் குழந்தைகளை எங்கும் காணலாம். கேட்ட கதையை ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்வார்கள். கடைக்கு அனுப்பினால் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருவார்கள். ஆனால் புத்தகத்தைத் திறந்து ஒரு வரியைப் படிக்கச் சொன்னால் தடுமாறுவார்கள். பலமுறை எழுதிப் பழகிய சொல்லையே மறுநாள் வேறுவிதமாக எழுதுவார்கள். ஆசிரியர் இதனைக் கவனக்குறைவு என்று கொள்கிறார். பெற்றோர் படிப்பு ஏறவில்லை என்று மனம் சலிக்கின்றனர். இக்குழந்தைகளுள் ஒரு பகுதியினர் டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உடையோர். இக்குறைபாட்டினை இந்தியச் சட்டம் 2016-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. உரிமை சட்டநூலில் இடம்பெற்றுவிட்டது. அவ்வுரிமையின் பயன் குழந்தையை எந்த வயதில், எந்த இடத்தில் சென்றடைகிறது என்பதே இப்போது ஆராயத்தக்கது.

குறைபாட்டின் இயல்பு

டிஸ்லெக்சியா என்னும் சொல்லை 1887-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் வழக்கிற்குக் கொண்டுவந்தார். 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், அறிவுக் கூர்மை இருந்தும் படிக்க இயலாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கற்றல் குறைபாடு என்ற பொதுப்பெயர் 1963-இல் அமெரிக்கக் கல்வியாளர் சாமுவேல் கிர்க்கின் உரைக்குப் பின்னர் பரவலாயிற்று. தொடக்கத்தில் கண் தொடர்பான குறை என்று கருதப்பட்ட இது, சொற்களின் ஒலிக் கூறுகளை மூளை பகுத்தறியும் முறையில் அமைந்த வேறுபாடு என்று பிற்கால ஆய்வுகள் தெளிவுபடுத்தின.

'மரம்' என்ற சொல்லைக் கேட்கும் குழந்தை, அது ம, ர, ம் என்னும் பகுதிகளால் ஆனது என்பதை உணர்ந்தால்தான் அப்பகுதிகளோடு எழுத்து வடிவங்களை இணைக்க முடியும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இவ்வுணர்வு சிறு பயிற்சியிலேயே கைகூடுகிறது. வாசிப்புக் குறைபாடுள்ள குழந்தைக்கு இது எளிதில் கைகூடுவதில்லை. எழுத்து, ஒலி, பொருள் ஆகிய மூன்றிற்கும் இடையே பிறர் ஒரு நொடியில் செய்யும் இணைப்பை இக்குழந்தை ஒவ்வொரு முறையும் முயன்று செய்ய வேண்டியுள்ளது. அதனால் விரைவில் களைப்பு வருகிறது; களைப்பு வெறுப்பாக மாறுகிறது.

இக்குறைபாடு குடும்ப வழியாக வரும் தன்மை உடையது. வளர்ப்பில் குறை இருந்ததால் வருவதன்று. அறிவுக் குறைவின் அடையாளமும் அன்று. வளர்ந்த பின்னும் முற்றிலும் மறைவதில்லை. எனினும் தக்க பயிற்சியால் இக்குழந்தைகள் நன்கு படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பயிற்சி எவ்வளவு இளம் வயதில் தொடங்குகிறதோ அவ்வளவு பயன் மிகுதியாகும்.

வாசித்தல், எழுதுதல், கணக்கிடுதல் ஆகிய திறன்களில் கற்றல் குறைபாடு உடையோர், பள்ளி வயதுச் சிறாரில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை இருக்கலாம் என்று பன்னாட்டு உளமருத்துவக் கையேடுகள் மதிப்பிடுகின்றன. இக்கணக்கின்படி 30 மாணவர் கொண்ட ஒரு வகுப்பில் ஓரிருவர் முதல் நான்கைந்து பேர் வரை இருப்பர். அவர்களுள் வாசிப்புக் குறைபாடு உடையோரே பெரும்பான்மையினர்.

இந்திய எழுத்து முறையும் வாசிப்பும்

டிஸ்லெக்சியா ஆங்கிலத்திற்கே உரிய இடர்ப்பாடு என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலம் நிலவியது. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு ஒழுங்கற்றது. ஆகையால் அம்மொழியில் இக்குறைபாடு வெளிப்படையாகத் தெரிகிறது. இந்திய மொழிகளில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துச் செல்கின்றன. ஆயினும் இங்கும் இடர்ப்பாடு உண்டு. அதன் தோற்றம் மட்டுமே வேறு.

முதலாவது, எழுத்துகளின் எண்ணிக்கை. தமிழில் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எல்லாம் சேர்த்து 247 எழுத்துகள் உள்ளன. இந்தி, கன்னடம் முதலிய மொழிகளில் கூட்டெழுத்துகளும் உண்டு. இரண்டாவது, குறிகளின் இட அமைப்பு. 'கொடி' என்று எழுதும் குழந்தை, முதலில் ஒலிக்கும் மெய்க்கு முன்பாக ஒரு குறியையும் பின்பாக மற்றொரு குறியையும் இடுகிறது. இந்தியில் இகரக் குறி மெய்யெழுத்துக்கு இடப்புறம் நிற்கிறது. ஒலிக்கும்போதோ மெய்க்குப் பின்னர் வருகிறது. கண் காணும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் இவ்வாறு மாறுபடுவது குறைபாடுள்ள குழந்தையைக் குழப்புகிறது. மூன்றாவது, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி. வீட்டில் 'வந்துச்சு' என்று கேட்டுப் பழகிய குழந்தை புத்தகத்தில் 'வந்தது' என்பதைக் காண்கிறது.

இந்திய மொழிகளைப் போன்று ஒழுங்கான எழுத்து முறை உடைய மொழிகளில், குறைபாடுள்ள குழந்தை பிழைகளைக் காட்டிலும் மெதுவான வாசிப்பினாலேயே வெளிப்படுகிறது. நான்காம் வகுப்பிலும் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்து முடிக்கிறது. வரியின் முடிவை எட்டும்போது தொடக்கத்தின் பொருள் மறந்துவிடுகிறது. பிழைகளை மட்டும் எண்ணும் ஆசிரியர், சரியாகப் படித்துவிட்டதாகக் கருதி இக்குழந்தையைக் கடந்து போகிறார். அந்தந்த மொழிக்கு ஏற்ற சோதனை முறைகள் தேவைப்படுவது இதனாலேயாகும்.

சட்டம் வளர்ந்த வரலாறு

குறைபாடுள்ள குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்த்துப் பயிற்றும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தை மத்திய அரசு 1974-இல் தொடங்கியது. சமூக நலத் துறையின் பொறுப்பில் இருந்த அத்திட்டம் 1982-இல் கல்வித் துறைக்கு மாற்றப்பட்டது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதற்கு வலுவூட்டியது. எனினும் கண், செவி, கை, கால் ஆகியவற்றில் வெளிப்படையான குறை உடையவர்களே அந்நாளைய திட்டங்களின் பயனைப் பெற்றனர். கண்ணுக்குத் தெரியாத கற்றல் குறைபாடு நடைமுறையில் போதிய கவனம் பெறவில்லை.

1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு நிலைகளைப் பட்டியலிட்டது. பார்வையின்மை, குறைந்த பார்வை, குணமடைந்த தொழுநோய், செவித்திறன் குறைவு, இயக்கக் குறைபாடு, மனவளர்ச்சிக் குறைவு, மனநோய் ஆகிய அவ்வேழினுள் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு 2 கோடியே 68 இலட்சம் மாற்றுத்திறனாளிகளைக் கணக்கிட்டது; அதிலும் கற்றல் குறைபாட்டுக்கெனத் தனிப்பிரிவு இல்லை. கணக்கில் வராதவர்க்கு நிதி ஒதுக்கீடும் கிடைப்பதில்லை என்பது திட்டமிடலின் பொது உண்மை.

இக்காலத்தில் சில மாநிலங்களும் தொண்டு நிறுவனங்களும் முன்வந்து செயற்பட்டன. கற்றல் குறைபாடுள்ள மாணவர்க்குத் தேர்வுச் சலுகைகளை முறையாக வழங்கிய முதல் மாநிலம் மகாராஷ்டிரம். அது 1996-இல் இதனைத் தொடங்கியது. சென்னையில் 1990-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தோன்றியது. 2007-இல் வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' என்ற இந்தித் திரைப்படம், இக்குறைபாட்டின் பெயரை நாடெங்கும் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது.

திருப்புமுனையாக அமைந்தது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த இச்சட்டம் 21 குறைபாடுகளை ஏற்றது. அவற்றுள் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. பேச்சு அல்லது எழுத்து வடிவிலான மொழியைக் கையாளுவதில் ஏற்படும் குறையினால் புரிந்துகொள்ளல், பேசுதல், படித்தல், எழுதுதல், கணக்கிடுதல் ஆகியவற்றில் இடர்ப்படும் நிலைகளின் தொகுதி என்று சட்டம் இதனை விளக்குகிறது. டிஸ்லெக்சியா அதில் பெயர் சுட்டிக் குறிக்கப்பட்டுள்ளது.

சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசின் நிதியையோ அங்கீகாரத்தையோ பெற்ற ஒவ்வொரு கல்வி நிறுவனமும் கற்றல் குறைபாட்டினை இயன்றவரை விரைவில் கண்டறிந்து, தக்க கற்பிப்பு முறைகளைக் கையாள வேண்டும் என்கிறது. 17-ஆம் பிரிவு, பள்ளி செல்லும் குழந்தைகளிடையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்துதல், ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தல், பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் மாற்றம் செய்தல் ஆகிய கடமைகளை அரசுகளுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் விதிக்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடைய குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அத்தகையோர்க்கு அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களிலும் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இட ஒதுக்கீடும் உண்டு.

அடையாளம் காணும் முறை

கற்றல் குறைபாட்டினை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்டது. 2024-இல் அவை திருத்தி வெளியிடப்பட்டன. 2018-ஆம் ஆண்டின் நெறிகள் வகுத்த வழி பின்வருமாறு. மூன்றாம் வகுப்பில், அல்லது எட்டு வயதில், ஆசிரியர் குழந்தையை முதற்கட்டச் சோதனைக்கு உட்படுத்துகிறார். ஐயம் எழுந்தால் பள்ளியின் குழு பெற்றோருடன் கலந்து, குழந்தையை மருத்துவரிடம் அனுப்புகிறது. குழந்தை மருத்துவர் பார்வை, செவிப்புலன் ஆகியவற்றில் குறை இல்லை என்பதை உறுதி செய்கிறார். பின்னர் உளவியலர் அறிவுத் திறனைச் சோதிக்கிறார். அதனை அடுத்து, பெங்களூரின் தேசிய மனநல நரம்பியல் அறிவியல் நிறுவனம் வகுத்த சோதனைத் தொகுதியைக் கொண்டு கற்றல் குறைபாட்டினை முடிவு செய்கிறார். சான்றிதழ் எட்டு வயதிற்குப் பின்னரே வழங்கப்படும். 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு செய்யப்படும். 18 வயதில் பெறும் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும்.

மொழிக்கேற்ற சோதனையின் தேவையும் ஓரளவு நிறைவு பெற்றுள்ளது. ஹரியானா மாநிலம் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன் 'டாலி' என்னும் சோதனைத் தொகுதியை 2015-இல் வெளியிட்டது. முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அமைந்த அது, 1, 2 வகுப்புகளுக்கு ஒன்றும் 3 முதல் 5 வகுப்புகள் வரை மற்றொன்றுமாக ஆசிரியர் பயன்படுத்தத்தக்க சோதனைப் பட்டியல்களைக் கொண்டது. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2022-இல் அறிமுகப்படுத்திய 'பிரசஸ்த்' செயலி 21 குறைபாடுகளுக்கும் பொருந்தும். வகுப்பாசிரியர் முதற்கட்டப் பதிவைச் செய்கிறார். சிறப்பாசிரியர் போன்றோர் இரண்டாம் கட்டத்தில் அதனைச் சரிபார்க்கின்றனர். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவின் பட்டியலிலும் கற்றல் குறைபாடு இடம்பெற்றுள்ளது.

தேர்வுச் சலுகைகளும் அவற்றின் எல்லையும்

சான்றிதழ் பெற்ற மாணவர்க்குத் தேர்வில் கிடைக்கும் உதவிகள் பல. ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடம் வீதம், மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வழங்கப்படுகிறது. வினாத்தாளைப் படித்துக் காட்டவும், விடையை எழுதித் தரவும் உதவியாளரை அமர்த்திக்கொள்ளலாம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்பில் இரு மொழிகளுக்குப் பதிலாக ஒரு மொழியை மட்டும் கற்கலாம். இரண்டாம், மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு அளிப்பதை 2016-ஆம் ஆண்டின் சட்டமே குறிப்பிடுகிறது.

நீதிமன்றங்களும் இவ்வுரிமைக்கு வலுச் சேர்த்துள்ளன. எழுதும் திறனில் இடர்ப்பாடு உடைய ஒரு விண்ணப்பதாரர்க்குக் குடிமைப் பணித் தேர்வில் உதவியாளர் மறுக்கப்பட்ட வழக்கில், 40 விழுக்காடு என்னும் வரம்பை உதவியாளர் பெறுவதற்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. மருத்துவ நுழைவுத் தேர்வில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்ட மாணவி ஒருவரின் வழக்கிலும் அதே ஆண்டு நவம்பரில் இக்கருத்தை வலியுறுத்தியது. இதனைப் பின்பற்றி, 40 விழுக்காட்டிற்குக் குறைந்த குறைபாடு உடையோர்க்கான தேர்வு நெறிகளை மத்திய அரசு 2022 ஆகஸ்டில் வெளியிட்டது.

இச்சலுகைகள் தேவையானவை, நியாயமானவை. கண்ணாடி அணிந்து தேர்வெழுதுவதை எவரும் சலுகையாகக் கருதுவதில்லை. ஆயினும் இவை குழந்தை தான் கற்றதை வெளிப்படுத்த உதவுபவை. படிக்கக் கற்பிப்பவை அல்ல. பத்தாம் வகுப்பில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பெறும் மாணவர், முதல் வகுப்பிலிருந்து ஒன்பது ஆண்டுகள் எழுத்தோடு தனியே போராடி வந்தவர். அப்போராட்டத்தில் தோற்றுப் பள்ளியை விட்டு நின்றுவிட்டவர்க்குத் தேர்வுச் சலுகையால் யாதொரு பயனும் இல்லை. மேலும், ஒரு மொழியையோ கணிதத்தையோ கைவிடுவது மேற்படிப்பில் சில வாயில்களை அடைத்துவிடக் கூடும். விலக்கு அளிப்பதற்கு முன் பயிற்சி அளிக்கப்பட்டதா என்று கேட்பது அதிகாரிகளின் கடமையாகும்.

எட்டு வயதுக்கு முன்

சான்றிதழுக்கு எட்டு வயது என்று வரம்பிட்டதற்குத் தக்க காரணம் உண்டு. ஆறு வயதுக் குழந்தையின் தடுமாற்றம் இயல்பான வளர்ச்சியின் ஒரு கட்டமாகவும் இருக்கலாம். அவசரப்பட்டு முத்திரை குத்துவது தீங்கு விளைவிக்கும். ஆனால் இவ்வரம்பு சான்றிதழுக்கு மட்டுமே உரியது, உதவிக்கு உரியதன்று. நடைமுறையில் இவ்விரண்டும் ஒன்றாகக் கருதப்பட்டுவிடுகின்றன. சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்கும் மூன்று ஆண்டுகளே பயிற்சி மிகுந்த பலன் தரும் காலம்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கற்றல் குறைபாட்டினை ஆசிரியர் இளமையிலேயே கண்டறியத் துணைபுரிய வேண்டும் என்கிறது. 2021 ஜூலையில் தொடங்கப்பட்ட 'நிபுண் பாரத்' இயக்கம், மூன்றாம் வகுப்பின் முடிவிற்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளறிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்கு செய்யவும் வல்லதாக வேண்டும் என்ற குறிக்கோளை 2026-27-க்குள் எய்த முனைந்தது. வாசிப்பில் பின்தங்கும் குழந்தைகளுக்கென வகுக்கப்படும் இத்தகைய பயிற்சி, குறைபாடுள்ள குழந்தைகளுக்கும் முதற்படியாக அமையும். சான்றிதழ் கேட்காமல் எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாக இருப்பதே இதன் சிறப்பு.

முதல் தலைமுறை மாணவர்

குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப் படியேறும் குழந்தைகளின் நிலை தனியே ஆராயத்தக்கது. வறுமை, பள்ளிக்கு ஒழுங்காக வர இயலாமை, வீட்டு மொழியும் பள்ளி மொழியும் வேறாயிருத்தல், போதிய கற்பிப்பு இன்மை ஆகியவற்றால் நேரும் பின்னடைவு கற்றல் குறைபாடு ஆகாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரையறை. கோட்பாட்டளவில் இது சரியே. ஆனால் இதன் விளைவு யாது? நகரத்தில் ஆங்கில வழிப் பள்ளியில் பயிலும் மருத்துவரின் மகன் படிக்கத் தடுமாறினால், அதற்கு வேறு காரணம் காணாமையால், குறைபாடு என்ற ஐயம் உடனே எழுகிறது. கட்டடத் தொழிலாளியின் மகள் அதேபோல் தடுமாறினால், வீட்டுச் சூழ்நிலை அப்படி என்று விளக்கம் கூறப்படுகிறது. வறுமையும் குறைபாடும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து இருக்கக் கூடும் என்பதை இவ்விளக்கம் மறந்துவிடுகிறது.

சான்றிதழ் பெறும் வழியும் இவ்வேற்றுமையைப் பெருக்குகிறது. சோதனைக்கு ஒருநாள் போதாது; பலமுறை செல்ல நேரிடும். உளவியலர் இல்லாத மாவட்டத்திலிருந்து வேறு நகரத்திற்குப் பயணம் செய்ய வேண்டும். ஒவ்வொரு பயணமும் கூலி வேலை செய்யும் பெற்றோர்க்கு ஒருநாள் ஊதிய இழப்பு. ஆகவே உதவி மிகுதியாகத் தேவைப்படும் குழந்தைக்கே அது எட்டாக்கனியாகிறது.

இச்சிக்கலுக்கு ஆய்வாளர் பலரும் பரிந்துரைக்கும் தீர்வு எளிமையானது. பின்தங்கிய எல்லாக் குழந்தைகளுக்கும் முதலில் சில மாதங்கள் முறையான வாசிப்புப் பயிற்சி அளிக்க வேண்டும். கற்பிப்புக் குறைவால் பின்தங்கியவர்கள் பெரும்பாலும் விரைவில் முன்னேறிவிடுவர். பயிற்சிக்குப் பின்னும் முன்னேறாத குழந்தையை விரிவான சோதனைக்கு அனுப்பலாம். காரணம் எதுவாயினும் இம்முறையில் எந்தக் குழந்தையும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆசிரியரும் சிறப்பாசிரியரும்

2018-19-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த கல்வித் திட்டமான 'சமக்ர சிக்ஷா'வில், சிறப்புத் தேவை உள்ள மாணவர் ஒருவர்க்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் ஒதுக்கீடு வகுக்கப்பட்டது. தொடக்கப் பள்ளிகளின் ஆண்டு வேலைநாள் 200 என்று கொண்டால், நாளொன்றுக்கு 17 ரூபாய் 50 காசு ஆகிறது. மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு உதவித்தொகையும் உண்டு. சிறப்பாசிரியர் ஊதியத்திற்கான நிதி இதனின் வேறானது.

சிறப்புத் தேவை உள்ள மாணவர்க்குச் சிறப்பாசிரியர் விகிதம் தொடக்க நிலையில் 10 பேருக்கு ஒருவர், உயர் தொடக்க நிலையில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஏற்று ஆணையிட்டது. இப்பணியிடங்களை உருவாக்கி அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு 2025 மார்ச்சில் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

இவ்விகிதத்தின் பொருளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தொடக்கப் பள்ளிகளில் 10,000 குழந்தைகள் பயிலும் ஓர் ஒன்றியத்தில், நூற்றுக்கு 5 பேர் என்ற குறைந்த மதிப்பீட்டின்படியே 500 பேர் கற்றல் குறைபாடு உடையோராவர். அவர்களுக்கு மட்டும் 50 சிறப்பாசிரியர் தேவை. பிற குறைபாடு உடையோர்க்கும் அவர்களே பொறுப்பு. பல பள்ளிகளுக்கு ஒருவராகச் சுற்றிவரும் சிறப்பாசிரியரை மட்டும் நம்பி இப்பணியை முடிக்க இயலாது என்பது வெளிப்படை. நாள்தோறும் குழந்தையைக் காணும் வகுப்பாசிரியரே முதல் துணை. இரண்டாண்டு ஆசிரியர் கல்விப் பட்டப் படிப்பில் உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குதல் பற்றிய பாடம் சேர்க்கப்பட்டிருப்பது நன்று. ஆனால் எழுத்தறிவின் அடித்தளம் இடப்படுவது 1, 2 வகுப்புகளில். அவ்வகுப்பாசிரியர்க்கே வாசிப்புப் பயிற்சியில் செய்முறைத் தேர்ச்சி முதலில் வேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

வாசிப்புக் குறைபாட்டிற்குப் பயன் தரும் கற்பிப்பு முறைகள் விலையுயர்ந்த கருவிகளை நாடுவன அல்ல. அவற்றின் கூறுகள் நான்கு.

முதலாவது, ஒலிப் பயிற்சி. எழுத்தைக் காட்டுவதற்கு முன் வாய்மொழியாகவே இதனைச் செய்யலாம். 'பலகை' என்பதில் முதல் எழுத்தை நீக்கினால் என்ன வரும்? 'மரம்' என்பதில் முதல் எழுத்தை மாற்றினால் கரம், வரம், தரம் என எத்தனை சொற்கள் கிடைக்கும்? இவ்வாறு விளையாட்டாகத் தொடங்கி, 'ம' என்பதில் ம், அ என்னும் இரு ஒலிகள் உள்ளன என்பது வரை செல்லலாம். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்று தமிழ் இலக்கணம் கூறுவதும் இதுவே.

இரண்டாவது, படிமுறை. ஒரு குறியை ஐயமறக் கற்ற பின்னரே அடுத்த குறிக்குச் செல்ல வேண்டும். வடிவிலோ ஒலியிலோ ஒத்த எழுத்துகளை ஒரே நாளில் கற்பித்தல் ஆகாது. ல, ள, ழ ஆகிய மூன்றையும் சேர்த்து அறிமுகப்படுத்துவது குழப்பத்தையே வளர்க்கும்.

மூன்றாவது, பல புலன்களையும் ஈடுபடுத்தல். எழுத்தைக் கண்ணால் கண்டு, வாயால் ஒலித்து, விரலால் மணலில் வரையும் குழந்தைக்கு மூன்று வழிகளில் நினைவு பதிகிறது. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிப் பழகிய முறை இதனோடு ஒத்தது.

நான்காவது, மாற்று வழி. வாசிப்புப் பயிற்சி ஒருபுறம் நடக்க, பாடப்பொருளை அக்குழந்தை காதால் கேட்டும் படத்தால் கண்டும் கற்க வேண்டும். வாய்மொழியாக விடை கூற இசைவளிக்க வேண்டும். பிறர் முன்னிலையில் உரக்கப் படிக்குமாறு வற்புறுத்துவதைத் தவிர்த்தல் நலம். எழுத்துப் பிழைக்காக அறிவியல் விடையின் மதிப்பெண்ணைக் குறைப்பதும் முறையன்று. வாசிப்பில் பின்தங்கியமையால் வானிலையைப் பற்றியும் விலங்குகளைப் பற்றியும் அறியும் வாய்ப்பை இழக்கும் குழந்தை இருமுறை தண்டிக்கப்படுகிறது.

நிர்வாகம் கவனிக்க வேண்டியவை

இதுவரை கூறியவற்றிலிருந்து நிர்வாகத் துறைகளுக்கான சில முடிவுகள் தெளிவாகின்றன. முதல் வகுப்பின் இறுதியிலும் இரண்டாம் வகுப்பின் இறுதியிலும் ஒவ்வொரு குழந்தையின் வாசிப்பையும் அதன் பயிற்று மொழியிலேயே சோதித்து, வேகத்தையும் பிழையையும் பதிவு செய்ய வேண்டும். பின்தங்கியோர்க்கு நாள்தோறும் சிறு குழுப் பயிற்சிக்கென அட்டவணையில் நேரம் ஒதுக்க வேண்டும். சான்றிதழ்ச் சோதனையைக் குறித்த நாட்களில் ஒன்றியத் தலைமையிடத்திலேயே நடத்தினால் பெற்றோரின் அலைச்சல் குறையும். பள்ளியின் பதிவும் மருத்துவக் குழுவின் பதிவும் ஒன்றோடொன்று இணைய வேண்டும். சான்றிதழ்களின் எண்ணிக்கையோடு, பயிற்சி பெற்று வாசிக்கத் தொடங்கிய குழந்தைகளின் எண்ணிக்கையையும் ஆய்வு அலுவலர் கேட்டறிய வேண்டும். எந்தக் கேள்வி மேலிருந்து கேட்கப்படுகிறதோ அந்தப் பணியே கீழே நடைபெறும்.

பெற்றோரிடம் பேசும் முறையும் இன்றியமையாதது. குறைபாடு என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சி மறைப்போர் உளர். குறிப்பாகப் பெண் குழந்தையின் சான்றிதழ் அவளது திருமணத்திற்குத் தடையாகுமோ என்று தயங்குவோர் உளர். இது நோயன்று, கற்கும் முறையில் உள்ள வேறுபாடு, தக்க பயிற்சியால் குழந்தை முன்னேறும் என்பதைத் தலைமையாசிரியர் பொறுமையுடன் எடுத்துரைக்க வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்து, 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளியின் கதவைத் திறந்தது. 2016-ஆம் ஆண்டின் சட்டம், அக்கதவினுள் நுழைந்தும் எழுத்தின் முன் நின்றுவிட்ட குழந்தைகளின் பெயரைப் பதிவு செய்தது. இவ்விரு சட்டங்களின் பயனையும் முதல் வகுப்பிற்குக் கொண்டு சேர்ப்பது எஞ்சியுள்ள பணி. எட்டு வயதில் சான்றிதழ் தேவைப்படாத அளவிற்கு ஆறு வயதிலேயே உதவி பெற்றுவிட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்பதைக் கொண்டே இத்திட்டங்களின் வெற்றி அளவிடப்பட வேண்டும்.